பல் கிளினிக் சனலிங் (நேரம் பதியிற) சிஸ்டத்தில காலியான நேரங்களை எடுக்கிறது எப்படி?

இரண்டு கதிரையும் போன் பதிவும் உள்ள கிளினிக்குக்கு, 15 நிமிடத் துண்டுகளை வருசம் முழுக்க டேட்டாபேஸ் டேபிளில போட்டு வைச்சு, காலியாக் கிடக்கிறதைக் காட்டலாமோ எண்டு கேட்டிருக்கிறியள். காட்டலாம். ஆனால் டொக்டர் நேரத்தை மாத்தினால், இல்லாட்டி ரூட் கனாலுக்கு 45 நிமிடம் வேணுமெண்டால், மூண்டு துண்டைச் சேர்த்துப் பிடிக்கேக்க சிக்கும். பதிவானதை மட்டும் சேமியுங்கோ. காலியைக் கணக்குப் பண்ணி எடுங்கோ.

ஒவ்வொரு பதிவிலயும் தொடக்கம் சேரும், முடிவு சேராது. பழையதின்ர தொடக்கம் புதியதின்ர முடிவுக்கு முந்தி, புதியதின்ர தொடக்கம் பழையதின்ர முடிவுக்கு முந்தி: இரண்டும் சரியெண்டால்தான் மோதல். இரண்டு எல்லையையும் சேர்த்துப் பாக்கிற ‘பிட்வீன்’ (BETWEEN) பாவிச்சால் 4:30க்கு முடியிறதும் 4:30க்குத் தொடங்கிறதும் மோதுதெண்டு வரும்.

பின்னேரம் 4:00 – 8:00 கிளினிக் எண்டு வைப்பம். 4:00 – 4:30, 5:00 – 6:00 பதிவாகிட்டுது. பதிவுகளோட இரண்டு பொய் வரிசையை ‘யூனியன் ஆல்’ (UNION ALL) போட்டு ஒண்டாச் சேருங்கோ: 4:00க்குத் தொடங்கி 4:00க்கே முடியிறது ஒண்டு, 8:00க்கு அதேமாதிரி ஒண்டு. தேத்தண்ணி இடைவேளை, லீவு எல்லாம் இதே மாதிரி வரிசைகள்தான். தொடக்கப்படியும், அது சமமெண்டால் முடிவுப்படியும் அடுக்கி, அடுத்த வரிசையின்ர தொடக்கத்தை எடுக்கிற ‘லீட்’ (LEAD) போட்டால் 4:30 – 5:00, 6:00 – 8:00 வெளியில வரும். 20 நிமிட வேலைக்கு முதல் இடைவெளியில கடைசியாத் தொடங்கக்கூடியது 4:40.

கனபேர் விழுகிற இடம் இதுதான்: 5:00 – 6:00க்குள்ள அவசரமா ஒருத்தரை 5:15 – 5:30க்குப் போட்டிருந்தால், ‘லீட்’ 5:30இல இருந்து காலியெண்டு சொல்லும். அந்த வரிசைவரைக்கும் வந்த முடிவு நேரங்களில பெரியதை, ஓடுகிற ‘மேக்ஸ்’ஸால எடுத்து, அதை அடுத்த தொடக்கத்தோட ஒப்பிடுங்கோ.

காலியைக் காட்டினது பதிவுக்கு உத்தரவாதம் இல்லை. ரிசெப்ஷனில ஒராளும் போனில ஒராளும் ஒரே 6:00ஐப் பிடிப்பினம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில ‘பிடிரீ ஜிஸ்ட்’ (btree_gist) நீட்சியை நிறுவி, டொக்டர் எண் சமம், நேரம் மோதல் எண்டு மோதுற இரண்டு பதிவை ஏற்காத எக்ஸ்குளூஷன் தடை போடுங்கோ. கான்சல் ஆனதை அந்தத் தடையில ‘வேர்’ (WHERE) நிபந்தனை போட்டு விலக்காட்டி, விட்டுப்போன நேரத்தைத் திரும்பக் குடுக்கேலாது. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில இந்தத் தடை இல்லை. டொக்டரின்ர வரிசையை ‘ஃபோர் அப்டேட்’டால (FOR UPDATE) பூட்டி, மோதலைத் திரும்பப் பாத்து, பிறகு பதியுங்கோ. ‘லீட்’ அங்க 8.0இல இருந்துதான்.

சேர்வர் யூடிசியில (உலகப் பொது நேரத்தில) ஓடினால் திகதி எங்கட விடிய 5:30க்குத்தான் மாறும். யூடிசியோட உள்ள 5:30 மணி வித்தியாசத்தைக் கையால கூட்டாமல் ‘ஏசியா/கொழும்பு’ எண்டு குடுங்கோ. அந்த வித்தியாசம் மாறக்கூடியது: இலங்கை 2006 ஏப்ரலிலதான் திரும்ப 5:30க்கு வந்தது.

சின்னக் கிளினிக்குக்கு இவ்வளவு ஏன், கொப்பி காணும் எண்டு கீழ எழுத வருவினம். ஒரு டொக்டர், ஒரு கொப்பி எண்டால் உண்மையில காணும். கேள்வி இரண்டு கதிரையும் போனும் உள்ள இடத்தைப் பற்றினது.

கேக்காத ஒண்டு: நோயாளர் பட்டியலைப் பாமினி எண்ட, யூனிகோட் இல்லாத பழைய எழுத்துருவில அடிச்சுத் தருகிற பழக்கம் இன்னும் இங்க போகேல்லை. டேபிளுக்குள்ள அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை, பேரைத் தேடினால் அம்பிடாது. உள்ள ஏத்த முதல் யூனிகோடுக்கு மாத்துங்கோ.