மரமும் வெட்ட வேண்டும், காடும் நிற்க வேண்டும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் ஹோவிக் பக்கம் அப்பா வாங்கிய பண்ணையில் கம் மரமும் (யூகலிப்டஸ்) வாட்டிலும் (சீகை போன்ற அகேசியா மரம்) போட்டிருக்கிறோம். பள்ளத்தில் யெல்லோவுட் என்ற உள்நாட்டு மரம் நிற்கும் இயற்கைக் காடு. டைட்டில் டீட், அதாவது நில உரிமைப் பத்திரம், சகோதரர் நால்வர் பெயரில். பின்னால் வருகிறவர்கள் மனை போட்டு விற்றுவிடக் கூடாது. மரத் தொழிலும் நிற்கக் கூடாது. அமெரிக்காவில் ‘கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்’ என்று எழுதி வைக்கிறார்களாமே, இங்கே வழி உண்டா, ஐயா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: உண்டு, பெயர்தான் வேறு. அங்கே நிலம் சொந்தக்காரரிடமே இருக்கும்; மனை பிரிப்பதைத் தடுக்கும் உரிமை ஓர் அறக்கட்டளைக்கோ அரசுக்கோ போய்விடும். இங்கே அந்த வேலையைச் செய்வது 2003-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டம். உங்கள் மாகாணத்தில் இயற்கைப் பாதுகாப்பைக் கவனிக்கும் எஸெம்வெலோ அமைப்பின் ஸ்டூவர்ட்ஷிப் பிரிவுக்கு (தனியார் நிலத்தைப் பாதுகாக்க ஒப்பந்தம் போடும் பிரிவு) எழுதுங்கள். அவர்கள் வந்து நிலத்தைப் பார்த்துத் தகுதி சொல்வார்கள்.

பண்ணை முழுவதையும் ஒரே வகையில் சேர்த்துவிடாதீர்கள். பள்ளத்துக் காட்டை ‘நேச்சர் ரிசர்வ்’ (இயற்கைக் காப்பகம்) ஆக்குங்கள். அதற்குள் சுரங்கம் தோண்டச் சட்டமே இடம் கொடுக்காது. 99 ஆண்டுக்குக் குறையாத ஒப்பந்தமாக இருந்தால், வருமான வரிச் சட்டம் 37D பிரிவின்படி அந்த நில மதிப்பில் ஆண்டுக்கு 4 சதவீதத்தை, 25 ஆண்டு வரை, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். மரத் தோட்டத்துக்குப் பொருந்துவது ‘புரொடெக்டட் என்விரான்மென்ட்’ (பாதுகாக்கப்பட்ட சூழல்) என்ற, கட்டுப்பாடு குறைந்த வகை. எந்தப் பிளாக்கில் வெட்டலாம், மறுநடவு எங்கே, பாதை எது என்பதை வரைபடத்தோடு ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பி எழுதாமல் விட்ட வாசகம்தான் பத்து வருடம் கழித்துச் சண்டையாகும்.

நால்வரும் கையெழுத்திட வேண்டும், ஒருவர் மறுத்தாலும் நகராது. பண்ணைமேல் கடன் இருந்தால் வங்கியின் சம்மதத்தை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். பலருக்கு இங்கேதான் மாதக்கணக்கில் இழுக்கிறது. அரசிதழில் அறிவிப்பு வந்ததும் வேலை முடிந்ததென்று இருந்துவிடக் கூடாது. ஒப்பந்தத்தின் நோட்டரி பத்திரம் டீட்ஸ் ஆபீசில் (சொத்துப் பதிவு அலுவலகம்) உங்கள் டைட்டில் டீடில் பதிவாக வேண்டும். பதியாவிட்டால் நாளை வாங்குகிறவரைக் கட்டுப்படுத்துவது கடினம், வரிச் சலுகையும் கிடைக்காது. பதிவான நகலைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

ஒப்பந்தம் ஆனபிறகும் வாட்டில்தான் தலைவலி. அதன் விதை மண்ணுக்குள் 50 வருடம்கூட உயிரோடு கிடக்கும். தீ பட்டதும் மொத்தமாக முளைக்கும். ஓடைக்கரையில் 20 மீட்டருக்குள் நடாதீர்கள். அங்கே முளைப்பதை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, முழங்கால் உயரத்துக்குள்ளேயே வேரோடு பிடுங்குங்கள். வளரவிட்டால் அரிவாள்தான் எடுக்க வேண்டும்.