கேள்வி–பதில்: காதைத் தீட்டிக்கொண்டு பார்க்க வேண்டிய படங்கள்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் இப்பகுதியில், 1930, 40-களின் பேசும் படங்களை இன்றைக்கும் ரசிக்க முடியும் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதையொட்டிக் காவிரிக் கரை ஊர்களிலிருந்தே மிகுதியாகக் கடிதங்கள் வந்ததால், இந்த இதழை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

தீபாவளிக்கு வந்த பேரனை உட்கார வைத்து 'ஹரிதாஸ்' படத்தைக் காட்டினேன். கால் மணி நேரத்தில், "பாட்டி, எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்று பாடிக்கொண்டிருக்கிறார்கள்" என்று எழுந்து போய்விட்டான். அவனைக் குறை சொல்வதா, படத்தையா?
— ஒரு வாசகி, மன்னார்குடி

இருவரையும் விட்டுவிடுங்கள். (ஆனாலும் அந்தப் படத்தின் நாயகன் தியாகராஜ பாகவதர் குதிரை மேல் வந்தபடிதான் 'வாழ்விலோர் திருநாள்' என்று பாடுகிறார். பேரன் அதையும் கவனிக்கவில்லை போலிருக்கிறது!)

நின்ற இடத்தில் நின்று பாடும் வழக்கம் நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்கள் இரவு முழுவதும் நடந்தவை. ஒலிபெருக்கி இல்லாத அக்கொட்டகைகளில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும் என்பதால், நடிகர் சபையை நோக்கி நின்று, வாயைத் திறந்து, பதம் பதமாகப் பாடினார். அந்த நாடகங்களும் அந்த நடிகர்களும் அப்படியே படத்துக்கு வந்தபோது, காமிரா முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்த ரசிகராக ஆகிவிட்டது. இதனோடு கருவியின் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. 1934-இல் சென்னையில் பேசும் பட ஸ்டூடியோ ஏற்படும் வரையில் நம்மவர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் பயணம் போய்த்தான் படம் எடுத்தார்கள். பின்னணிப் பாடல் முறை வேரூன்றாத அந்த ஆண்டுகளில், நடிப்பவரே படப்பிடிப்பின்போது பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணில் படாமல் ஒதுங்கியிருந்து வாசிக்க வேண்டும். தலைக்கு மேலே தொங்கும் மைக்கின் எல்லையை விட்டுப் பாடுபவர் நகர முடியாது. காகம் ஒன்று கரைந்துவிட்டால் அந்த ஷாட்டை மறுபடி எடுக்க வேண்டியதுதான். 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' இந்த நெருக்கடிகளைப் பெரும்பாலும் கடந்துவிட்ட காலத்துப் படம்தான். எனினும், பழகிய பழக்கம் உடனே போய்விடுவதில்லை.

ஆகவே, அசைவைக் கண்ணால் தேடாமல் காதால் தேடுங்கள். பாடலாசிரியர் பாபநாசம் சிவன் சாருகேசி ராகத்தில் அமைத்த 'மன்மத லீலையை வென்றார் உண்டோ' பாடலை எடுத்துக்கொள்வோம். பாடுகிறவர் பாகவதர் என்றாலும், காட்சியை நடத்துகிறவர் தஞ்சாவூரில் பிறந்த டி.ஆர். ராஜகுமாரி. அவருடைய பார்வையும், அன்றைக்குக் கொட்டகையையே கிறங்க வைத்த அந்தப் பறக்கும் முத்தமும், செல்வத்தையும் இல்லறத்தையும் ஹரிதாஸ் எங்கே தொலைக்கப் போகிறான் என்பதை வசனத்தின் துணையில்லாமலேயே சொல்லிவிடுகின்றன. பின்னால் கால்களை இழந்து, பெற்றோரின் அருமையை உணர்ந்த பிறகு அதே மனிதர் பாடுவதைக் கேளுங்கள். குதிரை மேல் ஒலித்த செருக்கு குரலிலிருந்து வடிந்து போயிருக்கும். படத்தின் நாடகம் முழுவதும் இந்தக் குரல் மாற்றத்தில்தான் நடக்கிறது. முகபாவத்தில் பாகவதர் பெரிய நடிகர் என்று நான் வாதாட மாட்டேன். அவர் தொண்டையால் நடித்தவர். மனைவியாக வரும் என்.சி. வசந்தகோகிலம், நாகப்பட்டினத்தில் இசை பயின்ற கச்சேரிப் பாடகி என்பதையும் பேரனிடம் சொல்லி வையுங்கள்.

அவனுக்குச் சொல்ல ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. போர்க்காலத்தில் கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு வந்து, படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு வரம்பு கட்டியது. நிமிடத்துக்கு 90 அடி ஓடும் கணக்கில் அது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். 'ஹரிதாஸ்' அந்த அளவுக்குள் முடிந்துவிடும். அதற்கு முந்தைய படங்கள் பலவும் மூன்று மணி நேரத்தைத் தாண்டுபவை.

'பவளக்கொடி'யில் ஐம்பது பாட்டு என்று அப்பா சொல்வார். அத்தனை பாட்டுக்கு நடுவே கதைக்கு இடம் ஏது?
— ஒரு வாசகர், கும்பகோணம்

அப்பா சொன்ன கணக்கு ஏறத்தாழச் சரியே. மாயவரத்தில் பிறந்த தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துப் புகழ்பெற்ற நாடகத்தைத்தான், பாபநாசத்துக்காரரான கே. சுப்ரமணியம் 1934-இல் படமாக்கினார். பாட்டுகளைக் கேட்கவே அன்றைக்குக் கூட்டம் கூடியது; கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கி, அடுத்த திருவிழா வரைக்கும் வீட்டில் பாடிக்கொண்டிருந்தார்கள். கதை எல்லாருக்கும் தெரிந்த அல்லி அர்ஜுனன் கதைதான் என்பதால், 'அடுத்து என்ன நடக்கும்' என்று யாரும் தவிக்கவில்லை. 'இந்த இடத்தை எப்படிப் பாடப் போகிறார்' என்றே காத்திருந்தார்கள். கதாகாலட்சேபம் கேட்டுப் பழகிய நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாட்டு மெல்ல இடம் விட்டுக்கொடுத்ததை அறிய வேண்டுமானால், மூன்று ஆண்டு கழித்து வந்த 'அம்பிகாபதி'யைப் பாருங்கள். தமிழே தெரியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய அந்தப் படத்தில்தான் இளங்கோவனின் வசனம், பாட்டுக்கு ஈடாகக் காதில் தங்கத் தொடங்கியது.

எங்கள் ஊரில் பிறந்த டி.பி. ராஜலட்சுமி நடித்த 'காளிதாஸ்' படத்தை எங்கே பார்க்கலாம்?
— ஒரு வாசகர், திருவையாறு

பார்க்க முடியாது. 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்த அந்த முதல் தமிழ்ப் பேசும் படத்துக்கு இன்று பிரதி இல்லை. அன்றைய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றக்கூடியது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் தானாகவே உளுத்துப் பொடியாகிவிடும். ராஜலட்சுமி தமிழிலும் கதாநாயகன் தெலுங்கிலும் பேசிய அந்தப் படத்தில் தியாகராஜர் கீர்த்தனைகளும் இடம்பெற்றிருந்தன என்பதை உங்கள் ஊரார் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ராஜலட்சுமியே இயக்கிய 'மிஸ் கமலா'வும் (1936) நமக்குக் கிடைக்கவில்லை.

பழைய படங்களில் அழுதாலும் சிரித்தாலும் மிகையாக இருக்கிறதே, இதை நடிப்பு என்று எப்படி ஏற்பது?
— ஒரு கல்லூரி மாணவர், திருவாரூர்

வீட்டில் பேசுவது போல் பேசுவதே நடிப்பு என்பது பின்னால் வந்த அளவுகோல். நெல் அளக்கிற மரக்காலைக் கொண்டு துணியை அளக்கப் போனால் குற்றம் துணியினுடையது ஆகாது. சூரக்கோட்டைக் குடும்பத்தில் வந்து, சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்த சிவாஜி கணேசன், 'பராசக்தி'யின் (1952) நீதிமன்றக் காட்சியில் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். திருக்குவளையில் பிறந்த கருணாநிதியின் அந்த வசனத்தை யாரும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே தாழ்ந்து பிறகு எழுகிறார் என்று கவனித்தால், ஒரு வித்வான் ராகத்தை வளர்ப்பது போன்ற கட்டுமானம் தெரியும். மிகையிலும் தரம் உண்டு. சொல்லின் பொருளோடு சேர்ந்து ஏறி இறங்குகிற மிகையை நான் கலை என்பேன். எல்லா வரிக்கும் ஒரே அளவில் கத்துவதைக் கத்தல் என்றே சொல்வேன். பின்னதற்கும் அக்காலத்தில் பஞ்சமில்லை.

ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன். எதைப் பார்க்கட்டும்?
— ஒரு வாசகி, மயிலாடுதுறை

'தியாகபூமி' (1939). உங்கள் ஊருக்கு அருகேயுள்ள புத்தமங்கலத்துக் கல்கியின் கதை, இயக்கியவர் கே. சுப்ரமணியம், சம்பு சாஸ்திரியாக நடித்தவர், நாகப்பட்டினம் பக்கத்துப் போலகத்தில் பிறந்த பாபநாசம் சிவன். படம் உருவாகும்போதே, அதன் புகைப்படங்களோடு கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. வெளியான பிறகு ஆங்கில அரசு படத்துக்குத் தடை விதித்தது.

புயலிலும் வெள்ளத்திலும் வீடிழந்து வந்த ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சாஸ்திரி மாட்டுக் கொட்டிலில் இடம் கொடுக்கிறார். அக்கிரகாரம் அவரைச் சாதியை விட்டு விலக்கி வைக்கிறது. சிவன் தேர்ந்த நடிகர் அல்லர். ஆனால் அந்தத் தயக்கமான பேச்சும் குனிந்த நடையும் ஊருக்குப் பயந்த ஒரு நல்ல மனிதருக்கு அச்சாகப் பொருந்திவிடுகின்றன. குழந்தையாக வரும் பேபி சரோஜாவின் ஆட்டபாட்டம் எனக்குச் சற்று நீளமாகவே படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிற நீதிமன்றக் காட்சிக்கு மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். தன்னைக் கைவிட்ட கணவன் சேர்ந்து வாழ வேண்டும் என்று வழக்குத் தொடுக்க, எஸ்.டி. சுப்புலட்சுமியின் சாவித்திரி, அவனுக்கு வேண்டுமானால் ஜீவனாம்சம் கொடுக்கிறேன், வாழ வர மாட்டேன் என்கிறாள். 'பவளக்கொடி'யில் பாடிப் பெயர் பெற்றவர் அவர். இங்கே பாட்டின் துணையே இல்லாமல், வெறும் பேச்சுக் குரலில் அந்தக் காட்சியைத் தாங்கி நிற்கிறார்.