தாப்பா–ரிங்லெட் சாலையில் லோரியை எப்போது முந்தலாம்?

கேமரன் மலைக்குப் போகும் பழைய சாலையில், தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும்போது லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், எவ்வளவு தூரம் காலியாகத் தெரிந்தால் முந்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

லோரி மணிக்கு 40 கிலோமீட்டரில் ஏறுகிறது, நீங்கள் 60-ல் முந்துகிறீர்கள். வித்தியாசம் வினாடிக்கு ஐந்தரை மீட்டர்தான். லோரியின் நீளம், முன்னும் பின்னும் விடும் இடைவெளி எல்லாம் சேர்த்து 50 மீட்டர் என்றால், கடக்க 9 வினாடி. அதற்குள் நீங்கள் 150 மீட்டர் போயிருப்பீர்கள், எதிரே அதே வேகத்தில் வருபவரும் 150 மீட்டர் வந்திருப்பார். ஆக 300 மீட்டர். கைக்காவலுக்கு இன்னொரு 100. நாலு பேரும் மூட்டையும் ஏற்றிய மைவி கார் 40-லிருந்து 60-க்கு ஏறும் நேரம் இதில் சேரவில்லை. அந்தப் பழைய சாலையில் 400 மீட்டர் தெரியும் இடம் அபூர்வம். அவசரம் உள்ளவர்கள் சிம்பாங் பூலாய் வழியாக ஏறுவதே மேல், சாலை அகலம்.

சாலை நடுவே இரட்டைக் கோடு இருந்தால் முந்துகிற பேச்சே இல்லை. கோடு விட்டுவிட்டுப் போட்டிருந்தாலும் லோரியின் வாலில் ஒட்டாதீர்கள். மூன்று வினாடி தள்ளி வாருங்கள், அப்போதுதான் முன்னால் தெரியும். வலது வளைவில் லோரியின் வலப்புறமாகப் பார்க்கலாம். இடது வளைவில், இடப்பக்கம் பள்ளமாகத் திறந்திருந்தால், லோரியின் இடப்புறமாகவே எதிர்ச்சாலை தெரிந்துவிடும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

வெளியே எடுப்பதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள்: மேனுவல் என்றால் மூன்று அல்லது இரண்டு, ஆட்டோ கியர் என்றால் எஸ் அல்லது எல். வெளியே வந்தபின் மிதித்தால், கியர் இறங்கும் அந்த ஒரு வினாடி எதிர்த்தடத்தில் வீணாகும்.

லோரிக்காரர் இடது சிக்னல் போட்டால் 'போகலாம்' என்பது நம் ஊர் வழக்கம். ஆனால் அவர் தோட்டத்துச் சாலையில் திரும்புவதற்கும் அதே சிக்னல்தான். உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போங்கள்.

பெரிய ஆபத்து, முந்துபவரின் பின்னாலேயே தொற்றிக்கொண்டு வருகிற இரண்டாவது கார். அவருக்கு எதிரே எதுவும் தெரியாது. முன்னவர் பிரேக் போட்டுப் பின்வாங்க நினைத்தால், அந்த இடத்தை இவர் அடைத்திருப்பார். முந்த எண்ணமில்லாமல் லோரிக்குப் பின்னால் போகிறவரும் நடுவில் ஒரு கார் நுழைய இடம் விட வேண்டும். உங்களை ஒருவர் முந்தும்போது எண்ணெயை மிதித்து வேகம் கூட்டுவதுபோல் அநாகரிகம் வேறில்லை.

இறக்கத்தில் கணக்கு மாறும். வளைவில் ஊர்ந்த காய்கறி லோரி, நேர்ச்சாலை வந்ததும் 60-ஐத் தாண்டும். நீங்கள் முந்த நினைத்ததும் அதே இடத்தில்தான். முந்திவிட்டாலும் அதன் இரு விளக்கும் உள்கண்ணாடியில் தெரிந்தபின் இடத்துக்கு வாருங்கள். உடனே வளைவு வந்து நீங்கள் பிரேக் அடித்தால், பாரத்தோடு வரும் லோரி நிற்காது.

லாத்தா இஸ்கண்டார் அருவிப் பக்கமும், ஓரங்களில் பெத்தாய்க் காய், மூங்கில் விற்கும் கடைகள் உள்ள இடத்திலும், நேராகத் தெரிந்தாலும் முந்தாதீர்கள். நிறுத்திய கார்களுக்கு இடையிலிருந்து பிள்ளைகள் இறங்கி ஓடுவார்கள், மோட்டார் சைக்கிள்கள் திடீரென்று திரும்பும்.