டான்ட்டி யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னோடு வேலை பார்க்கும், கரீபியன் தீவான டிரினிடாடைச் சேர்ந்த பெண் தன் அம்மாவின் தங்கையை மௌசி என்கிறார், அப்பாவின் அக்காவைப் பூவா என்கிறார். பக்கத்து வீட்டில் இருந்த ஆப்பிரிக்க வம்சாவளிப் பாட்டியோ அவருக்கு டான்ட்டி. முதல் இரண்டும் நம் சித்தி, அத்தை போல முறை. டான்ட்டி வெறும் மரியாதைப் பேச்சுதானே?

டொரொன்டோவிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மௌசி, பூவா பற்றி நீங்கள் சொல்வது சரி. 1845 முதல் பிகார், கிழக்கு உத்தரப் பிரதேசப் பக்கமிருந்து டிரினிடாடின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் போஜ்புரிச் சொற்கள் அவை. சென்னையில் கப்பலேறிய தமிழரும் உண்டு. ஆனால் தொகை குறைவு, போஜ்புரியே பொதுப்பேச்சாயிற்று.

டான்ட்டி, அத்தை சித்தியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. டிரினிடாட் தீவு முன்பு ஸ்பெயினுடையது. கத்தோலிக்கக் குடியேறிகளுக்கு நிலம் தருவதாக 1783இல் அரசாணை வந்ததும், பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் அடிமைகளோடு வந்திறங்கினார்கள். 1797இல் ஆங்கிலேயர் பிடித்த பிறகும் தெருவில் பிரெஞ்சுக் கிரியோல்தான், அதாவது அடிமைகள் பேச்சில் பிரெஞ்சு கலந்து உருவான மொழிதான்.

ஆனால் 'வெறும் மரியாதை' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தாயை ஓரிடத்துக்கும் பிள்ளையை ஓரிடத்துக்கும் விற்ற காலத்தில் ரத்த உறவான அத்தைக்கு எங்கே போவது? இன்னொரு கரீபியன் தீவான ஜமைக்காவில் அடிமைகள், ஆப்பிரிக்காவிலிருந்து தங்களைக் கொண்டுவந்த கப்பலிலிருந்தே உறவை எண்ணத் தொடங்கினார்கள். ஒரே கப்பலில் வந்தவர்கள் உடன்பிறப்புகள். அவர்களுக்குள் ஆணும் பெண்ணும் கூடுவதை முறைகேடாகவே கருதினார்கள். அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவர்களைப் பிள்ளைகள் மாமா, அத்தை என்று கூப்பிட்டார்கள். ஆணும் பெண்ணும் கூடக் கூடாது என்று விலக்கும் அளவுக்குப் போன உறவை உபசாரம் என்று எப்படிச் சொல்வது? பின்னால் வந்த இந்தியர்களும் இதையேதான் செய்தார்கள். கல்கத்தாவில் ஏறி மூன்று மாதம் கடலில் கிடந்தவர்கள் சாதி பாராமல் ஜஹாஜி பாய், அதாவது கப்பல் சகோதரர் ஆனார்கள்.

ஜமைக்காவில் பெரியவளை, மணமானவளானாலும், மிஸ் என்று பெயரோடு சேர்த்து அழைப்பார்கள். கவிஞர் லூயிஸ் பென்னட் நாட்டுக்கே மிஸ் லூ. வானொலியில் ஜமைக்கா மொழியை இழித்துப் பேசுவோருக்குப் பதில் சொல்லும்போதும், ஆன்ட்டி ரோச்சி என்ற அத்தை சொன்னதாகத்தான் அவர் சொல்லிவந்தார். அத்தை வாக்குக்கு அங்கே அத்தனை எடை.

டான்ட்டி கையால் அடி வாங்கியதுண்டா என்று உங்கள் தோழியிடம் கேட்டுப் பாருங்கள். அந்நாளில் கரீபியன் ஊர்களில் பெரியவளுக்குக் காலை வணக்கம் சொல்லாமல் கடந்துபோன பிள்ளை அங்கேயே வாங்கிக்கட்டிக்கொள்ளும். சேதி வீட்டுக்குப் போனால் அம்மா கையால் இன்னொரு முறை.