மகன் ‘ஷார்ட் போனேன்’ என்கிறான்: ஒரு மண்டிக்காரருக்குப் பதில்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

சனிக்கிழமை நீங்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டிய சீட்டு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. பி.காம் கடைசி ஆண்டு படிக்கும் மகன் தொலைபேசியில் பேசும்போது காதில் விழுந்த சொற்களை, பொருள் தெரியாவிட்டாலும் ஒலி பிசகாமல் எழுதி வந்திருந்தீர்கள். ‘ஷார்ட் போனேன், ஸ்டாப் லாஸ் அடித்துவிட்டது’ என்று அவன் சொன்னதைக் கேட்டு, எங்கோ அடிதடி என்று வீட்டில் பயந்துபோனார்களாம். நான் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அவன் கேட்கும் மூன்று லட்ச ரூபாய்க்கு அப்புறம் வருகிறேன். முதலில் சீட்டு. விருதுநகரில் முப்பது வருடம் வத்தல் மண்டி நடத்தியவருக்கு இதில் பாதிக்கு மேல் தெரிந்த சங்கதிதான்.

பங்கு என்பது ஒரு கம்பெனியின் உரிமையில் சிறு துண்டு. கம்பெனி லாபத்தில் பிரித்துக் கொடுத்தால் ஈவுத்தொகை வரும், கொடுக்காமலும் இருக்கலாம். காகிதச் சான்றிதழ் காலம் போய்விட்டது. பங்குகள் இப்போது டீமேட் என்னும் மின்னணுக் கணக்கில் இருக்கின்றன. என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்று நாட்டில் இரண்டு காப்பகங்கள். கிடங்கு அவர்களுடையது, ரசீது உங்கள் பெயரில். தரகு நிறுவனம் உங்கள் ஆர்டரை என்.எஸ்.இ. அல்லது பி.எஸ்.இ. சந்தைக்குக் கொண்டுபோகும், கமிஷன் எடுக்கும். இன்று வாங்கிய பங்கு அடுத்த வேலைநாளில் கணக்கில் ஏறிவிடும். 2023 ஜனவரிக் கடைசியிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் அதுதான் நடைமுறை. இப்படிச் சரக்கை எடுத்து வைத்துக்கொள்வது டெலிவரி. காலை 9.15க்குச் சந்தை திறந்து மாலை 3.30க்கு மூடுவதற்குள் வாங்கி விற்றுக் கணக்கை நேர் செய்வது இன்ட்ராடே.

‘என்ன விலையானாலும் எடு’ என்பது மார்க்கெட் ஆர்டர். ‘இந்த விலைக்கு மேல் வேண்டாம்’ என்பது லிமிட் ஆர்டர். ஆள் நடமாட்டம் குறைந்த பங்கில் முதல் வகையைப் போட்டால் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். ஏலத்தில் நீங்கள் ஒருநாளும் அப்படிச் செய்யமாட்டீர்கள். உங்கள் மகன் செய்கிறானா என்று கேளுங்கள்.

ஷார்ட் போவது என்றால் கையில் இல்லாத சரக்கை முதலில் விற்றுவிட்டு, விலை இறங்கியதும் வாங்கி ஒப்பேற்றுவது. விலை ஏறிவிட்டால் ஏறிய விலைக்கு வாங்கித்தான் தீர வேண்டும். அதற்குக் கடிவாளம்தான் ஸ்டாப் லாஸ்: ‘நஷ்டம் இந்த அளவைத் தொட்டால் வெளியேற்றிவிடு’ என்று முன்கூட்டியே கொடுக்கும் ஆர்டர். தொட்டுவிட்டால் ‘அடித்துவிட்டது’ என்பார்கள். கடிவாளம் எப்போதும் பிடிக்கும் என்றும் சொல்வதற்கில்லை. அன்றே முடிக்காமல் மறுநாளைக்கு விட்டுவைத்த பேரத்தில், இரவோடு இரவாகக் கெட்ட செய்தி வந்து மறுநாள் காலை விலையே எங்கோ தாவித் திறந்தால், நீங்கள் குறித்த விலை கிடைக்காது.

இனி ஆப்ஷன். உங்கள் மகன் இருக்கும் இடம் இது என்று நினைக்கிறேன். மாதக் கடைசிக்குள் குவிண்டால் வத்தலை 20,000 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளும் உரிமைக்காக, திருப்பித் தராத 500 ரூபாயை ஒருவர் உங்களிடம் கொடுக்கிறார் என்று வையுங்கள். விலை 22,000 ஆனால் வந்து எடுப்பார். 18,000 ஆனால் எட்டிப் பார்க்கமாட்டார், 500 உங்களுக்கு. அந்த 500தான் பிரீமியம். அந்த உரிமை ‘கால்’ ஆப்ஷன். விற்கும் உரிமையை வாங்கினால் ‘புட்’. குறித்த நாள் கடந்தால் காலாவதி, சீட்டுக்கு மதிப்பில்லை. வாங்கியவருக்குப் போவது அந்த 500 மட்டும். ஆனால் 500ஐ வாங்கிப் பையில் போட்டவருக்கு, கிடங்கில் சரக்கும் இல்லை, விலையும் 30,000 ஆகிவிட்டது என்றால்? அதனால்தான் விற்பவரிடம் மார்ஜின் என்று பெரிய ஈட்டுத்தொகையைக் கேட்கிறார்கள். மூன்று லட்சம் எதற்கு என்று இப்போது உங்களுக்கே ஊகிக்க முடியும்.

ஒரே ஒரு புள்ளிவிவரம் சொல்கிறேன். ஃபியூச்சர் (பின்னொரு நாளுக்கு இன்றே விலை பேசி முடிக்கும் பேரம்), ஆப்ஷன் வணிகம் பற்றி, பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்திருக்கிறார்கள். செலவுகளையும் சேர்த்து ஆளுக்குச் சராசரியாக ஏறத்தாழ இரண்டு லட்சம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24இல் இந்த வணிகத்தில் இருந்தவர்களில் 43 சதவீதம் பேர் முப்பது வயதுக்குள். சூதாட்டம் என்று ஒதுக்கிவிட நான் சொல்லவில்லை. மறுபக்கம் இருந்து லாபத்தில் பெரும்பகுதியை எடுத்தவர்கள் கணினி நிரலை வைத்து வணிகம் செய்யும் பெரிய நிறுவனங்கள் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. விடுதி அறையில் கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் பையன் அவர்களோடுதான் மோதுகிறான்.

ஆகவே என் ஆலோசனை: மூன்று லட்சம் கொடுக்க வேண்டாம். ‘இனி அந்தப் பேச்சே கூடாது’ என்றும் சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்னால் நண்பர்களிடம் கடன் வாங்குவான்; இதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

இந்த ஆர்வத்துக்குச் சம்பளம் தரும் வேலைகள் இருக்கின்றன. தரகு நிறுவனங்களில் பின்னணி வேலை, ரிஸ்க் பிரிவு, விதிமுறை இணக்கப் பிரிவு என்று பல. செபி அமைத்த என்.ஐ.எஸ்.எம். பயிற்சி நிறுவனம் ‘வரிசை’ (சீரீஸ்) எண் போட்டுத் தேர்வுகள் நடத்துகிறது. செயல்பாடு, ரிஸ்க் வேலைகளுக்கு ஏழாம் வரிசை. பங்கு டெரிவேட்டிவ், அதாவது ஃபியூச்சர், ஆப்ஷன் பிரிவில் ஆர்டர் போடும் பணிக்கு எட்டாம் வரிசை. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகத்துக்கு ஐந்து-ஏ. பங்குகளை அலசிச் சொல்லும் ஆய்வாளர் ஆக விரும்பினால் பதினைந்து. ஐந்து-ஏ தவிர மற்ற மூன்றிலும் தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், சான்றிதழ் மூன்று வருடம்தான் செல்லும். பி.காம் முடிப்பதற்குள் ஏழையும் எட்டையும் அவன் எழுதிவிடலாம். ஆய்வாளர் வழி நீளமானது, சி.ஏ. அல்லது நிதி ஆய்வுக்கான சி.எஃப்.ஏ. பட்டயம் கையில் இருந்தால் வாசல் அகலமாகத் திறக்கும். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் மற்றவர் பணம் எப்படிக் கரைகிறது என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டே பார்க்கலாம்.

அடுத்த சனிக்கிழமை மண்டி அடைத்த பிறகு அவனையும் அழைத்து வாருங்கள். தரகு நிறுவனத் தளத்திலிருந்து கடந்த ஓர் ஆண்டின் லாப நஷ்ட அறிக்கையை இறக்கி, செலவுகள் கழித்தபின் நிற்கும் தொகையோடு அவன் கொண்டு வரட்டும். நல்ல நாட்களின் படங்களை மட்டும் கைபேசியில் காட்டினால் ஏற்கமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். ஆப்ஷன் வருமானம் வணிக வருமானம் என்பதால் வருமானவரிக் கணக்கில் காட்டினானா என்றும் கேட்பேன். டெலிகிராமில் காசு கட்டி ‘டிப்ஸ்’ வாங்கினால், கொடுப்பவரின் செபி பதிவு எண்ணும் வேண்டும்.

சீட்டின் பின்பக்கம் ‘ஹெட்ஜிங்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன். கிடங்கில் சரக்கை வைத்துக்கொண்டு, விலை சரிந்தால் என்ன செய்வது என்று முன்பேரம் போட்டு நீங்கள் காலமெல்லாம் செய்துவந்த காரியம்தான் அது. என்ன என்று அவன் உங்களுக்கு விளக்கட்டும். எங்கே பிசகுகிறான் என்று நீங்கள் சொல்லுங்கள்.