முதல் மழையை உள்ளே இருந்து பாருங்கள்

அன்புள்ள ஐயா,

கடலோரத்தில் இருக்கும் எங்கள் வீட்டைப் பிரித்து வேலை பார்த்தோம். எட்டு மாதம் கழித்து இப்போதுதான் திரும்பிப் போகிறோம். சாமான்களை ஏற்ற நாள் குறித்த வாரத்திலேயே கோடை மழை பிடித்துக்கொண்டது. இரவெல்லாம் இடி, காற்று. புதுப் பெயிண்ட் அடித்த சுவரில் ஈரத் திட்டுகள் வேறு தெரிகின்றன. 'மழை நின்று வீடு காயட்டும், அப்புறம் போகலாம்' என்கிறார் கணவர். அந்த வீட்டிலேயே நாற்பது வருடம் இருந்த என் அம்மாவோ, இன்றைக்கே போகலாம் என்கிறார். நீங்களும் இப்படி ஒரு வீட்டுக்குத் திரும்பியவர் என்பதால் கேட்கிறேன். காத்திருக்கலாமா, போய்விடலாமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

போய்விடுங்கள். அம்மா சொல்வதுதான் சரி. ஒன்றே ஒன்று: புயல் எச்சரிக்கை விடுத்து, கரையோரத்தில் இருப்பவர்களை வெளியேறச் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் ஒரு இரவுகூடத் தங்காதீர்கள். மற்றபடி, இடியும் மழையுமாக இருக்கிறதே என்று போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நாங்கள் திரும்பியது நல்ல வெயிலில். சுவரெல்லாம் பளிச்சென்று இருந்தது, ஒரு குறை தெரியவில்லை. மேஸ்திரிக்குக் கணக்கை முடித்து அனுப்பிவிட்டோம். நாலு மாதம் கழித்துத்தான் முதல் பெருமழை வந்தது. கடலைப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே இருந்த திண்டில் தண்ணீர் வடிவதற்கான வாட்டம் வெளிப்பக்கம் இல்லை, உள்பக்கம் இருந்தது. நூல் அளவுதான். அன்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். சட்டத்துக்கு அடியில் நீர்முத்துகள் வரிசையாகக் கோத்து நின்றன. ஒவ்வொன்றாகக் கனத்து, உடைந்து, சுவரில் ஒரே கோடாக இறங்கிப் புத்தக அலமாரிக்குப் பின்னால் போயின. காலையில் அலமாரியை நகர்த்தியபோது அடித்தட்டுப் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்குள் வேலை செய்தவர்கள் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். அந்தத் திண்டைச் சரிசெய்ய அடுத்த கோடை வரை ஆனது.

உங்களுக்கு அப்படி இல்லை. கொத்தனாரும் பெயிண்டரும் இன்னும் கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்கிறார்கள். இந்த நேரத்தில் மழை வந்தது நல்லதுதான், மனதாரச் சொல்கிறேன். ஆனால் மழை பெய்யும்போது வீட்டுக்குள் ஆள் இருக்க வேண்டும். மறுநாள் வந்து பார்த்தால் ஈரம் தெரியுமே தவிர, அது வந்த வழி தெரியாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது. சாதாரண மழையில் ஒழுகாத இடுக்கு அந்தக் காற்றில்தான் ஒழுகும்.

சரி, அந்தத் திட்டுகளுக்கு வருகிறேன். அவை எப்போது தெரிகின்றன என்று நாலு நாள் கவனியுங்கள். மழை பெய்த சில மணி நேரத்தில் பெரிதாகி, பிறகு மெல்லக் காய்ந்தால் எங்கோ ஒழுகுகிறது. மழையே இல்லாமல் புழுக்கமான நாளில் கருத்து, காற்று காய்ந்ததும் மறைந்தால் அது பெரும்பாலும் சுவருக்குள் இருக்கும் உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஓதம், அதாவது சுவரின் ஈரம், எங்கிருந்து வருகிறது என்று சந்தேகமாக இருந்தால், ஒரு சாண் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்ளே நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோத்தால் அது காற்றின் ஈரம்.

உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்தான் போகும். அப்புறம், அதன்மேல் இன்னொரு கை பெயிண்ட் அடித்து மறைக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் பெயிண்டைக் கொப்பளமாகத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சுவர் காயட்டும். அதற்கு வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டியதில்லை. மழை விட்ட நேரத்தில் ஜன்னல்களைத் திறந்து வைத்தால் போதும்.

காற்று வீசும்போது மட்டும் எல்லாவற்றையும் சாத்திவிடுங்கள். எதிர்ப்பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. உள்ளே நுழைந்த காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும்.

இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. மழை படும் இடத்தைவிட மழை படாத இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். வெளியே இருக்கும் கம்பியின் உப்பை மழை கழுவிவிடுகிறது. சன்ஷேடுக்கு அடியில் இருக்கும் கீலும் கொண்டியும் அப்படியே உப்போடு நிற்கின்றன. பலத்த காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் அவற்றை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள். இனிமேல் எவர்சில்வர் கீல் வாங்குவதானால் 316 என்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருக்கிறது, உப்புக்காற்றைத் தாங்கும். வழக்கமான 304 ரகத்தில் அது இல்லை, கடலோரத்தில் பழுப்புக் கறை படிந்துவிடும். கூரைத் தளத்தின் அடியில் நேர்கோடாக ஒரு விரிசலும் அதில் செம்பழுப்புக் கறையும் தெரிந்தால் மட்டும் தாமதிக்க வேண்டாம். உள்ளே கம்பி துருவேறி உப்பிக் காரையைத் தள்ளுகிறது. அதைப் பட்டி வைத்து மூடாமல், கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இதையெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். நாற்பது வருட மழையை அங்கே இருந்து பார்த்தவர். எந்த மூலையில் முதலில் ஓதம் ஏறும், எந்தக் கதவு உப்பிக்கொண்டு சாத்த வராது, காற்று எந்தப் பக்கம் திரும்பினால் தண்ணீர் உள்ளே அடிக்கும் என்று அம்மாவிடம் கேளுங்கள். அவர் கைகாட்டும் இடங்களில் புதுப் பூச்சைத் தொட்டுப் பாருங்கள்.

எட்டு மாதத்தில் அவருக்கும் அந்த வீடு கொஞ்சம் அந்நியமாகியிருக்கும். புது ஜன்னல்கள் இறுக்கமாகச் சாத்துவதால் அலைச் சத்தம் பழையபடி கேட்காது. எங்கள் வீட்டில் முதல் வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை, அதுதான் காரணம் என்று புரியவே சில நாளானது. கடலைப் பார்த்த அறையை அம்மாவுக்கே கொடுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். காற்று ஓய்ந்ததும் அந்த ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.