ராம்பூயே வெறும் வேட்டை பங்களாதானே? வெர்சாய் பார்த்த பிறகு அங்கேயும் போக வேண்டுமா?

கேள்வி கேட்டவர் அநேகமாகக் குடும்பத்தோடு பாரிஸ் வருகிறார், கையில் நாலைந்து நாள்தான் இருக்கிறது, பட்டியலில் எதை வெட்டலாம் என்று பார்க்கிறார். தப்பில்லை. ஆனால் "பிரான்ஸ் அதிபர்கள் கோடைக்குத் தங்கிய வீடு என்பதற்காக ஒரு வேட்டை பங்களாவுக்கு அரை நாளை வீணாக்க வேண்டுமா" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் ராம்பூயேவுக்குப் போகும் ரயில் தடத்தில்தான் பல வருடமாகக் குடியிருக்கிறேன். வரலாற்றுப் பேராசிரியர் இல்லை, சுற்றுலாத் துறைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. கமிஷன் வாங்கிக்கொண்டு எழுதுகிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

முதலில், ராஜாக்களின் பெரிய அரண்மனையான வெர்சாயோடு ஒப்பிட்டால் ராம்பூயே தோற்கும். கண்ணாடி மண்டபம் கிடையாது, தங்கப் பூச்சு கண்ணைப் பறிக்காது. வெர்சாயில் ராஜா காலையில் எழுந்து சட்டை போடுவதையே நாலு பேர் நின்று பார்ப்பார்கள். அந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்க ராஜாக்கள் ஓடிவந்த இடம் இது. பாரிஸுக்குத் தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டர், சுற்றிலும் பெருங்காடு, மான் வேட்டை. ஓய்வெடுக்க வந்த இடத்திலேயே பாதிப் பேருக்கு விதி முடிந்தது என்பதுதான் இந்த வீட்டின் விசேஷம்.

பிரான்ஸ் அரசர் முதலாம் பிரான்சுவா 1547 மார்ச் 31 அன்று இங்கேதான் இறந்தார். வேட்டைக்கு விருந்தாளியாக வந்தவர், திரும்பிப் போகவில்லை. அப்போது இது அரசருடைய சொத்துகூட இல்லை, தான்ஜென் குடும்பத்தின் கோட்டை. இன்றும் நிற்கிற பழைய வட்டக் கோபுரத்துக்கு அவர் பெயர்தான். 1706இல் பதினான்காம் லூயியின் மகன் துலூஸ் கோமகன் இதை வாங்கினார். அவருக்குப் பின் அவர் மகன் பாந்தியேவ்ர் பிரபு. இந்தப் பிரபு தன் மருமகள் லாம்பால் இளவரசிக்காகத் தோட்டத்தில் ஒரு கூரை வீடு கட்டினார். வெளியே பார்த்தால் குடியானவன் குடிசை. உள்ளே போனால் சுவர் முழுக்கச் சிப்பியும் கிளிஞ்சலும். என்னைக் கேட்டால் இந்த ஒன்றுக்காகவே ரயில் ஏறலாம்.

1783இல் பதினாறாம் லூயி இதைக் கேட்டார். ராஜா கேட்டால் இல்லை என்று சொல்ல முடியுமா? பாந்தியேவ்ர் விற்றுவிட்டு, உள்ளூர் தேவாலயத்தில் புதைத்திருந்த தன் குடும்பத்தார் சவப்பெட்டிகளைத் தோண்டியெடுத்து த்ரூ என்ற ஊருக்குக் கொண்டுபோனார். இதை நினைத்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். இத்தனைக்கும் ராணி மரி அந்த்வானெத்துக்கு இடம் பிடிக்கவே இல்லை, "தேரைப் பொந்து" என்றாராம். அவரைச் சமாதானப்படுத்தத்தான் ராஜா தோட்டத்தில் ஒரு பால் மண்டபம் கட்டிக் கொடுத்தார். குளிர்ந்த பால் குடிப்பதற்கென்று சலவைக்கல் மண்டபம், உள்ளே செயற்கைக் குகை, அதில் ஆட்டோடு ஒரு தேவதைச் சிலை!

இங்கே என் மாமா கதையைச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் தம்பி, கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐரோப்பா சுற்றிக்காட்டும் ஒரு டூர் கம்பெனியோடு வந்திருந்தார். பெயர் வேண்டாம். அவர்கள் பாரிஸைக் காட்டிய விதம்: ஈபிள் கோபுரத்துக்கு எதிரே பஸ்ஸை நிறுத்தி, இறங்கி, படம் எடுத்து, ஏறு. சாப்பாடு மட்டும் வேளை தவறாமல் சாம்பார் சாதம். பயணிகள் வாயைத் திறந்தால் "அது உங்க பேக்கேஜ்ல இல்ல சார்". லட்சக்கணக்கில் வாங்குகிறீர்களே, ஒரு ஊரிலாவது மனிதனை நிதானமாக நடக்க விடக்கூடாதா? சரி, அது வேறு புலம்பல்.

டூர் முடிந்து என் வீட்டில் தங்கியபோது மாமாவை ராம்பூயேவுக்குக் கூட்டிப்போனேன். நெப்போலியனின் குளியலறையைக் காட்டினேன். சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய அறை. "குளிக்கிற இடத்துல எதுக்குடா இவ்வளவு படம்?" என்றார். அரசர் பத்தாம் சார்ல்ஸ் 1830 ஆகஸ்ட் 2 அன்று இதே மாளிகையில் முடி துறந்தார், அவர் மகனும் உரிமையை விட்டுக் கையெழுத்துப் போட இருபது நிமிடம் ஆனது, அந்த இருபது நிமிடம் மகன்தான் ராஜா என்று வேடிக்கையாகச் சொல்வார்கள் என்றேன். மாமா கொட்டாவி விட்டார்.

அப்புறம்தான் கேட்டார், "ஏம்பா, ராம்புலே கிடான்னு சொல்வாங்களே, அது இந்த ஊருதானா?"

இந்த ஊரேதான். பதினாறாம் லூயி இங்கே ஒரு பண்ணை வைத்து, ஸ்பெயின் அரசர் மூன்றாம் சார்லஸிடம் அனுமதி வாங்கி, 1786இல் மெல்லிய கம்பளிக்குப் பேர்போன மெரினோ செம்மறிகளை முந்நூற்றுக்கும் மேல் வரவழைத்தார். ஸ்பெயினிலிருந்து நடத்தியே ஓட்டிவந்தார்கள். அதிலிருந்து வந்த இனம்தான் உலகமெல்லாம் போனது. நீலகிரி சாண்டிநல்லா பண்ணையில் உருவான சாண்டினோ ஆட்டிலும், கொடைக்கானல் மலையில் மன்னவனூர் பண்ணையில் நிற்கும் பாரத் மெரினோவிலும் அந்த ரத்தம் இருக்கிறது.

பண்ணை இன்னும் நடக்கிறது, போய்ப் பார்க்கலாம் என்றதும் மாமா மாளிகையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அங்கே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவரை நகர்த்தவே முடியவில்லை. "இருநூறு வருஷத்துக்கு மேல வெளிக்கிடா சேர்க்காம மந்தையைக் காப்பாத்தறாங்கன்னா சும்மாவா? பதிவேடு எப்படி வெச்சிருப்பாங்க பாரு!" என்று ஒரே புகழ்ச்சி. புரட்சியில் ராஜா தலை போய்விட்டது, ஆட்டு மந்தை தப்பித்துவிட்டது என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

நீங்கள் கேட்ட கோடை மாளிகை விஷயம். 1896இல் பெலிக்ஸ் போர் அதிபராக இருந்தபோது இது குடியரசுத் தலைவர்களின் கோடை இல்லமானது. ராஜாவை விரட்டிய நாடு ராஜாவின் வேட்டையை மட்டும் விடவில்லை. வெளிநாட்டு விருந்தாளிகளைக் கூட்டிவந்து பறவை சுட வைப்பார்கள், அப்படியே அரசியல் பேசுவார்கள். 1962 டிசம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் மாக்மில்லன் இங்கே வந்து ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர அப்போதைய பிரெஞ்சு அதிபர் டி கோலிடம் மன்றாடினார். அடுத்த மாதமே டி கோல் முடியாது என்று அறிவித்துவிட்டார். அதே டி கோல் 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலைக்கு முந்தைய நாட்களில் தங்கியிருந்ததும் இங்கேதான். 1975 நவம்பரில் அதிபர் ஜிஸ்கார் டெஸ்தாங் ஆறு நாட்டுத் தலைவர்களை இங்கே உட்கார வைத்தார், இன்றைய ஜி7 என்ற பணக்கார நாடுகளின் கூட்டம் அதிலிருந்து வளர்ந்தது. 1999இல் கொசோவோ பேச்சுவார்த்தை இங்கே நடந்து, முறிந்து, மார்ச்சில் நேட்டோ யூகோஸ்லாவியா மீது குண்டு போட ஆரம்பித்தது. அதிபர்கள் நடத்திவந்த வேட்டையை 1995இல் அதிபர் சிராக் நிறுத்தினார். 2009இல் அதிபர் மாளிகை என்ற நிலையும் போய், நினைவுச் சின்னங்களைப் பராமரிக்கும் அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. மத்தியதரைக் கடலோரத்து பிரெகான்சோன் கோட்டை 1968இலிருந்தே அதிபர்களின் கோடை இடமாகிவிட்டதால், யாருக்கும் பெரிய நஷ்டமில்லை.

ஆகவே, ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் வெர்சாய் போங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். இரண்டாவது நாள் கிடைத்தால் மொன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறுங்கள். காலையில் மாளிகை, சிப்பி வீடு, பால் மண்டபம். மதியம் பண்ணை. தோட்டம் பெரியது, நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் கூட வந்தால் பண்ணையை முதலில் வைத்துக்கொள்ளாதீர்கள், மாளிகைக்குத் திரும்பவே மாட்டார்கள்.